எனக்கு அதில் சமாதானம் இல்லை

எங்கள் லுத்தரன் சபையில் ஒரு யோசனையைத் தீர்த்துக்கட்ட வேண்டுமென்றால் காரணம் எதுவும் தேவையில்லை. "ஜெபிச்சுப் பார்த்தேன், எனக்கு அதுல சமாதானம் இல்ல" என்று சொன்னால் போதும். செலவு அதிகம் என்று சொன்னால் நன்கொடை தருகிறேன் என்று யாராவது எழுந்துவிடுவார்கள். நேரம் சரியில்லை என்றால் எது சரியான நேரம் என்று கேட்பார்கள். சமாதானம் இல்லை என்பதற்கு மட்டும் மறுபேச்சு கிடையாது. அது ஆண்டவர் என் உள்ளத்துக்குள் வந்து சொல்லிவிட்டுப் போன விஷயம். அதற்குச் சாட்சி கூப்பிட முடியாது, குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

சபைக் கமிட்டியில் இருந்த காலத்தில் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கோயில் சுவருக்கு அடிக்கவிருந்த மஞ்சள் பெயின்ட்டைத் தடுத்தேன். வாலிபர் சங்கம் கேட்ட கீபோர்டைத் தடுத்தேன். எனக்குப் பிடிக்காத ஒருவர் செயலாளராவதைத் தடுத்தேன். அதற்காக உபவாசம் இருந்ததாகக்கூடச் சொன்னேன். அன்று காலை பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தேன்.

இதெல்லாம் சில்லறை. என் தங்கையின் வாழ்க்கையைத் தடுத்ததும் இதே வாக்கியத்தால்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தாராளமயம் என்ற சொல் பேப்பரிலும் பாடத்திட்டத்திலும் புதிதாக நுழைந்திருந்த சமயம். உழைப்பு எங்கே நல்ல விலை கிடைக்கிறதோ அங்கே போகட்டும், அரசாங்கம் வாசலில் நின்று வழிமறிக்கக் கூடாது என்று காலையில் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசலில் நானே நிற்பேன். நாட்டில் லைசென்ஸும் பர்மிட்டும் ஒழிந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் எங்கள் வீட்டில் அவை செழிப்பாக இருந்தன.

என் தங்கை என்னைவிட மிகவும் இளையவள். வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். பேச்சு போய்விட்டது, வலது கை மட்டும் அசையும். பாப்பா டியூட்டி முடிந்து வந்து அம்மாவைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, கஞ்சி ஊட்டுவாள். பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி விடைத்தாள் திருத்துவாள். நான் பேப்பர் படிப்பேன். இது ஆண்டவர் செய்து தந்த ஏற்பாடு என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாப்பா என் நாற்காலி அருகில் வந்து நின்றாள்.

"அண்ணே, மஸ்கட்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கறாங்க. திருச்சில இன்டர்வியூ நடந்துச்சு. போனேன். செலக்ட் ஆயிட்டேன்."

"என்கிட்ட கேக்காமலா போன?"

"கிடைக்குமான்னு பாக்கத்தான் போனேன். கிடைச்சிருச்சு."

"ஜெபிச்சியா?"

"ஜெபிச்சுட்டுத்தாண்ணே பஸ் ஏறினேன். அம்மாவுக்கு ஆள் பாத்துட்டேன். எங்க ஆஸ்பத்திரில ரிட்டயர் ஆன ஆயாம்மா ஒருத்தங்க, கூடவே தங்கிப் பாத்துக்கறேங்கறாங்க. அவங்க சம்பளத்தை நான் அங்கேருந்து அனுப்பிடுவேன்."

நான் சொல்லக்கூடிய ஒரே காரணத்தையும் அவளே எடுத்துவிட்டாள். அப்படிப்பட்ட நேரங்களுக்காகவே அந்த வாக்கியம் இருக்கிறது.

"நீ ஜெபிச்சது சரி. நானும் ஜெபிக்கணும்ல?" என்றேன்.

"ஜெபிங்கண்ணே" என்றாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. அண்ணன் கேட்டால் ஆண்டவர் பதில் சொல்லுவார் என்று நம்பினாள். சபையில் அந்த நம்பிக்கையை வளர்த்து வைத்திருந்தவனும் நான்தான். தேவசித்தத்தை அறிவது எப்படி என்ற தலைப்பில் பக்கத்து ஊர்ச் சபைகளுக்கெல்லாம் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். வலங்கைமானில் ஒரு கூட்டத்தில் ஒரு பெண் அழுதேவிட்டாள். எனக்கு அன்று மிகவும் திருப்தியாக இருந்தது.

நான் எப்படி ஜெபித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஆண்டவர் வரவில்லை. அம்மாவின் பெட்பேன் வந்தது. அந்த ஆயாம்மா ஒருநாள் லீவு போட்டால் அதை யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது. கண்ணைத் திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த விஷயமாக நான் ஒருதரம்கூட ஜெபிக்கவில்லை.

விசாரிப்பது என்ற பெயரில் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய் ஒருவர் நடத்திவந்தார். அரபு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் அவர்தான். பாப்பாவும் அவரிடம்தான் கொடுத்திருந்தாள். அந்த மஸ்கட் ஆஸ்பத்திரியைப் பற்றி மோசமாக ஏதாவது சொல்வார், வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது என் எண்ணம்.

"நல்ல எடம் சார்" என்றார் பாய். "என் மச்சான் சம்சாரத்துக்கு அங்கதான் பிரசவம் ஆச்சு. உங்க தங்கச்சி பாஸ்போர்ட் கைக்கு வந்திருச்சு. இன்ஷா அல்லா, அடுத்த மாசம் ஏத்தி விட்டுரலாம்."

"பாப்போம் பாய். கர்த்தருக்குச் சித்தமானா."

பாய் சிரித்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நாங்க இன்ஷா அல்லான்னு சொன்னா பெட்டி கட்ட ஆரம்பிச்சிருவோம். நீங்க சித்தமானான்னு சொன்னா கட்டுன பெட்டியைப் பிரிச்சிர்றீங்க. உங்க ஆளுங்க பாஸ்போர்ட்டு ரெண்டு மூணு என் டிராயர்ல தூங்குது."

"உங்களுக்கு உங்க கமிஷன் கவலை."

"அதுவும் உண்டு சார். இல்லேன்னு யார் சொன்னா? ஒரு டீ சொல்லவா?"

டீ குடிக்காமல் வந்துவிட்டேன். ஒரு மனிதன் தன் கமிஷனைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்வது எனக்கு நாகரிகமாகப் படவில்லை.

புத்தாண்டு ஆராதனையில் எங்கள் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். யார் கைக்கு எது வருகிறதோ அது அந்த வருஷம் ஆண்டவர் அவருக்குத் தரும் வாக்கு. பாப்பாவின் கைக்குக் கடலைக் கடப்பது பற்றிய வசனம் வந்தது. வீட்டுக்கு வருகிறவரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணே, பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் நான் படித்தவன் அல்லவா. "கடல்னா உலகக் கவலைகள். அதையெல்லாம் தாண்டி உன்னை நடத்துவார்னு அர்த்தம். ஓமானுக்குப் போகச் சொல்லல."

என் மனைவி பின்னாலிருந்து, "அப்ப போன வருஷம் உங்க அட்டையில நிலம்னு வந்துச்சே, அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றாள்.

போன வருஷம் பைபாஸ் ஓரம் வயலைத் தூர்த்து, வெள்ளைக் கல் நட்டு, ஒரு நகர் என்று போர்டு மாட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு மனை வாங்கியிருந்தேன். அட்டையில் நிலம் என்று வந்திருந்ததால் அர்த்தம் எதையும் தோண்டித் துருவாமலேயே சமாதானம் கிடைத்தது.

"அது வேற" என்றேன்.

அந்த மாதம் எங்கள் ஐயர் அம்மாவுக்கு வீட்டிலேயே இராப்போஜனம் கொடுக்க வந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். தஞ்சாவூரில் இது மற்றவர்களுக்குக் குழப்பம்தான், எங்களுக்குப் பழகிவிட்டது. பாப்பா அவருக்குக் காபி போட உள்ளே போயிருந்தாள். ஐயர் அப்பமும் திராட்சரசமும் கொடுத்து முடித்துவிட்டு, நான் கேட்காமலேயே, அம்மாவின் காதருகே குனிந்து, "பொண்ணு வெளிநாடு போகட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அம்மா வலது கையைத் தூக்கி வெளிப்பக்கமாக வீசினார்.

"வேண்டாங்கறாங்க" என்றேன்.

"போகட்டுங்கற மாதிரியில்ல இருக்கு?"

"உங்களுக்குப் பழக்கம் இல்லைங்க ஐயரே. நாங்க தினமும் பாக்கறோம்ல."

அம்மா மறுபடியும் வீசினார். இந்தத் தடவை வேகமாக. முகம் சிவந்துவிட்டது. நான் அந்தக் கையைப் பிடித்து, "சரிம்மா, சரிம்மா, அலட்டிக்காதீங்க" என்று சொல்லிப் போர்வைக்குள் வைத்து அமுக்கினேன். உள்ளே அது கொஞ்ச நேரம் அசைந்தது. ஐயர் என்னையும் போர்வையையும் பார்த்தார். அவர் குடியிருந்த வீட்டின் ஒழுகும் கூரை அப்போது எங்கள் கமிட்டியின் தீர்மானத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, எல்லாவற்றிலும் உம்முடைய சித்தமே நடக்கட்டும் என்று ஜெபித்துவிட்டார். நான் உரக்க ஆமென் சொன்னேன். அதற்குள் காபி வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பாப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஜெபிச்சுப் பார்த்தேன் பாப்பா. எனக்கு அதுல சமாதானம் இல்ல."

"கொஞ்சம்கூடவாண்ணே?"

"கொஞ்சம்கூட இல்ல."

அவள் சண்டை போடுவாள் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கப் போய்விட்டாள். மறுநாள் பாயிடம் போய்ப் பாஸ்போர்ட்டை வாங்கி வந்தாள். அடுத்த ஞாயிறு நான் சபையில் எழுந்து, என் தங்கை தன் சித்தத்தைத் தேவசித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தாள் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். பெண்கள் பக்கத்தில் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தாழ்மை என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா யாரும் எதிர்பாராத அளவுக்கு நெடுங்காலம் இருந்தார். அவரை அடக்கம் செய்தபோது மஸ்கட் கேட்ட வயதைப் பாப்பா தாண்டியிருந்தாள். இடையில் மாப்பிள்ளைகள் வந்தார்கள். அவள்தான் வேண்டாம் என்றாள். "விடுங்கண்ணே. ஆண்டவர் எனக்கு எதையும் குடுக்கறதா இல்ல. அவரை எதுக்குச் சங்கடப்படுத்தணும்?" இந்த வாக்கியத்தைக்கூட நான் ஒரு கூட்டத்தில் உதாரணமாகப் பயன்படுத்திக்கொண்டேன். மனநிறைவு என்ற தலைப்புக்கு.

என் மகன் கம்ப்யூட்டர் படித்தான். அமெரிக்கா போக வேண்டும் என்றான். தேவசித்தம் என்ன என்று நாங்கள் குழம்பவே இல்லை. பாஸ்போர்ட்டில் விசா குத்தப்பட்ட அன்றே எங்கள் உள்ளத்தில் சமாதானமும் குத்தப்பட்டது. ஸ்தோத்திர ஆராதனை வைத்து மட்டன் பிரியாணி போட்டோம். பரிமாறியது பாப்பா.

என் மனைவி காலமாகிவிட்டாள். வீட்டில் இப்போது நானும் பாப்பாவும்தான். அறுபது தாண்டியும் அவள் பாப்பாதான். சில மாதங்களுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் மகன் போனில் பேசினான்.

"அப்பா, நானும் இவளும் ரொம்ப நாளா ஜெபிச்சிட்டு இருந்தோம். நீங்க இங்க வந்துருங்க. வீட்டை வித்துரலாம்."

"அத்தை?"

"அத்தைக்கு ஒரு நல்ல ஹோம் பாத்திருக்கோம்ப்பா. நம்ம ஆளுங்க நடத்தறதுதான். டெய்லி பிரேயர் இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் அதுல பூரண சமாதானம் இருக்குப்பா."

பூரண சமாதானம். நான் வெறும் சமாதானத்தோடு நின்றவன். பையன் என்னைவிட நன்றாகப் படித்தவன்.

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தொண்டையைச் செருமும் இடத்தில் அவனும் செருமினான். என் வாயில் அந்தப் பழைய வாக்கியம் வந்து நின்றது. எடுத்துவிட்டால் அவனால் பதில் பேச முடியாது. ஆனால் வெட்கமாக இருந்தது.

"அத்தை எங்கயும் போகமாட்டா. நானும் வரல" என்றேன்.

"நீங்க ஜெபிச்சுப் பாத்துட்டு..."

"ஜெபிக்கல. நான் சொல்றேன். அவ்வளவுதான்."

பாப்பா அடுப்படியிலிருந்து, "என்னவாம்?" என்று கேட்டாள். "சும்மாதான், சுகம் விசாரிச்சான்" என்றேன். அவள் அந்த வீட்டில் இருக்கலாம் என்பதை என் தயவாக நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். அன்று முழுக்கப் பெருமை இருந்தது. மறுநாள் இல்லை.

எங்கள் சபையில் இராப்போஜனம் வாங்குகிறவர்கள் சனிக்கிழமையே பெயர் கொடுக்க வேண்டும். யாரிடமாவது மனஸ்தாபம் இருந்தால் அதற்குள் ஒப்புரவாகிவிட வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. நானும் ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் காபிக்குப் பிறகு பாப்பாவிடம் சொல்லிவிடுவது. அவள் அழுவாள். நானும் அழுவேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சமாதானமாகப் பீடத்தண்டை போவோம். இரண்டு பேர் பெயரையும்கூடக் காலையிலேயே கொடுத்துவிட்டேன். இந்த முறையும் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் ஆண்டவரைக் கூப்பிட்டேன்.

பாப்பா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, பெட்பேனில் தொடங்கிப் போர்வை வரைக்கும் எதையும் விடாமல் சொன்னேன். நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அப்ப அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"யாரு?"

"ஆண்டவர்."

"இல்ல. நான் கேக்கவே இல்ல."

"போகாதேன்னு அவர் சொல்லல?"

"இல்ல பாப்பா. நான்தான் சொன்னேன்."

"அம்மா?"

"போன்னுதான் கையைக் காட்டினாங்க."

கத்தியைக் கீழே வைத்தாள். "நான் அன்னிலேருந்து அவர்கிட்ட பேசறதே இல்லண்ணே."

எனக்கு விளங்கவில்லை. "தவறாம கோயிலுக்கு வர்றியே. பாட்டெல்லாம் பாடறியே."

"பாட்டுப் பாடினா பேசறதா அர்த்தமா? பாட்டுப் புஸ்தகத்துல இருக்கறதைப் பாடறேன். ஆரம்பத்துல கேட்டேன். எல்லாருக்கும் குடுக்கறீரே, நான் என்ன தப்புப் பண்ணினேன்னு கேட்டேன். கடல் வசனத்தைக் கையில குடுத்துட்டுக் கதவைச் சாத்தறது என்ன வெளையாட்டுன்னு கேட்டேன். பதிலே இல்ல. போய்யான்னு விட்டுட்டேன். இத்தனை வருஷமா மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருக்கேன். பாவம் அவரு."

நான் மஸ்கட்டைப் பறித்ததாக நினைத்துத்தான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். மஸ்கட்டைவிடப் பெரியதைப் பறித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தேவசித்தம் பற்றி ஊர் ஊராகப் பேசியவன் வீட்டிலேயே ஒருத்தி, தான் ஆண்டவருக்கு வேண்டாதவள் என்று நம்பி, எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிரு பாப்பா."

"இருங்கண்ணே. முதல்ல நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். உங்க வரிசை அப்புறம்."

எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் பேசுவது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. ஒருதரம் அழுகை கேட்டது. ஒருதரம் சிரிப்பு மாதிரியும் கேட்டது. எனக்கு அதில் வேலையில்லை என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கோயிலில் அவள் பெண்கள் வரிசையில் எழுந்து பீடத்தண்டை போனாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார், என் தொடையைத் தட்டினார்.

"என்ன சார், போகலையா? சுகர் ஏறிடுச்சா?"

"இல்ல."

"பெயர் குடுத்தீங்களே?"

"குடுத்தேன். போகல."

அவர் முகத்தில் வந்த ஆர்வத்தைப் பார்த்தால், ஆராதனை முடிவதற்குள் செய்தி ஒரத்தநாடு வரைக்கும் போயிருக்கும்.

வெளியே ஆட்டோ அருகில் பாப்பா நின்றிருந்தாள்.

"ஏன் போகல?"

"நீ இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"நல்லதுதான்" என்றாள். குடையைக் கையில் எடுத்தபடி, "அவர்மேல இருந்த கோவமெல்லாம் இப்ப உங்கமேல திரும்பிடுச்சுண்ணே. மொத்தமா வந்திருக்கு. குறைய நாளாகும்" என்றாள்.

"அடுத்த மாச இராப்போஜனத்துக்குள்ள..."

"பாத்தீங்களா? அதுக்குள்ள தேதி போடறீங்க. நீங்க ஒண்ணும் போட வேணாம். எனக்கு எப்ப வருதோ அப்ப சொல்றேன்."

ஆட்டோக்காரரிடம், "இவரை வீட்ல விட்டுருங்க. நான் வரல" என்றாள்.

அவளோடு இன்டர்வியூவில் தேறி மஸ்கட்டுக்குப் போய் வந்த சிநேகிதி ஒருத்தி தெற்கு வீதியில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக் கல்யாணம், புதுவீட்டுப் பிரதிஷ்டை எதற்கும் பாப்பா போனதில்லை. ஏதாவது தலைவலி சொல்லிவிடுவாள். அங்கேதான் போகிறாள் என்று நானாகக் கேட்ட பிறகு சொன்னாள்.

"எப்ப வருவ?"

"தெரியல. அவ நிறைய பேசுவா. நானும் நிறையக் கேக்கணும்."

குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். ஆட்டோக்காரர், "கிளம்பலாமா சார்?" என்றார். தங்கை என்னை மன்னிப்பாளா மாட்டாளா என்று நினைக்க வேண்டிய நேரம் அது. மத்தியானச் சோற்றுக்கு என்ன வழி என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.